ஒற்றை வேட்டிப் பூதம்

நான் வேலை பார்ப்பது அருள்புரத்தில் ஒரு பிரிண்டிங் கம்பெனியில். சின்னப் பிள்ளைகள் போடும் பனியனில் கரடியும் முயலும் டைனோசரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்குமே, அதில் கொஞ்சம் என் கைவண்ணம். வெளிநாட்டுக்காரர் கரடி கேட்டால் கரடி, திமிங்கிலம் கேட்டால் திமிங்கிலம். மூக்கைச் சின்னதாக்கு, கண்ணைப் பெரிதாக்கு, சிரிப்பைக் குறை என்று மெயில் வரும். குறைத்து அனுப்புவேன். சம்பளத்துக்கு வரைகிறவனுக்குச் சொந்தக் கரடி என்று ஒன்று கிடையாது. ஆனால் எனக்குச் சொந்தமாக ஒரு பூதம் உண்டு. அதன் மூக்கைப் பற்றி எவரும் எனக்கு மெயில் போட முடியாது.

அந்தப் பூதத்தைக் கொடுத்தவர் என் அப்பா. அப்போது அவர் சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். துணி வெந்துகொண்டிருக்கும் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிற வேலை. நல்லூரில் இப்போது நாங்கள் எல்லாரும் இருக்கிற இதே வீடுதான். காலையில் என்னை மொபெட்டின் முன்னால் நிற்க வைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவார். வழியில் நொய்யல் பாலம். அந்தக் காலத்தில் ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும், சில நாள் கரையோரம் ஒரு நிறமும் நடுவில் ஒரு நிறமுமாக ஓடும். பாலத்தில் போகிற யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரவர் ஷிப்ட்டுக்கு அவரவர் ஓட்டம். நான்தான் ஒரு நாள் கேட்டேன், ஆறு ஏன் இன்றைக்குச் சிவப்பு என்று.

"பூதம் வேட்டி துவைக்குது கண்ணு" என்றார் அப்பா. வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்த கதை வருஷக்கணக்கில் ஓடியது. ஆற்றோரம் ஒரு பூதம் குடியிருக்கிறது. அதன் அளவுக்கு எந்தக் கடையிலும் துணி கிடையாது. ஊரில் இருக்கிற நிட்டிங் மெஷின் எல்லாம் சேர்ந்து ஓடி, அதற்கு ஒரே ஒரு வேட்டி செய்து கொடுத்தன. இருப்பது ஒற்றை வேட்டி. பூதத்துக்கோ மாப்பிள்ளை ஆசை. தினம் ஒரு நிறத்தில் கட்ட வேண்டும். நேற்றைய சாயம் போகத் துவைத்தால்தானே இன்றைய சாயம் ஏறும்? விடிவதற்கு முன்னால் ஆற்றில் இறங்கித் துவைத்துவிடும். அதற்குக் கூச்சம் அதிகம், யார் கண்ணிலும் படாது. ஆனால் ஆற்றைப் பார்த்தால் பூதம் நேற்று என்ன நிறம் கட்டியிருந்தது என்று தெரிந்துவிடும்.

அப்பா பெரிய கதைசொல்லி ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் பந்திப் பக்கம் நழுவிவிடுகிறவர். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்தால் மட்டும் பூதம் அவர் மேல் ஏறிக்கொள்ளும். பூதம் பல்லடம் பஸ்ஸில் போன கதை சொல்வார். உள்ளே போங்க உள்ளே போங்க என்று கண்டக்டர் கத்த, பூதம் எங்கே போகும், மேலே ஏறிப் படுத்துக்கொண்டது. அதன் ஊதா வேட்டி பறந்து பின்னால் வந்த பஸ்களை எல்லாம் மூடிவிட, அன்றைக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த எல்லா வண்டியும் ஊதா. இன்னொரு நாள் காயப்போட்ட வேட்டி காற்றில் போய்க் கோழிப்பண்ணை மேல் விழுந்து, காலையில் பார்த்தால் கோழி அத்தனையும் ரோஸ். பண்ணைக்காரர் புது ரகம் என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாராம். அம்மா அடுப்படியில் இருந்துகொண்டே சிரிப்பாள்.

அப்பாவின் நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். பூதத்துக்குக் கை கொடுத்தேன் என்பார். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? "நாளைக்கு பூதத்துத் தண்ணி நீலம் பாரு" என்று ராத்திரி சாப்பாட்டின்போது சொல்வார், மறுநாள் பாலத்தில் பார்த்தால் நீலம்தான் ஓடும். பட்டறையில் மறுநாள் துணிக்கு என்ன ஷேடு, அதாவது என்ன நிறம், ஏற்றப் போகிறார்கள் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும் என்கிற விஷயம் எனக்குத் தெரியாது. நான் வகுப்பில் போய் நாளைக்கு ஆறு என்ன நிறம் என்று சொல்வேன். பலித்துவிடும். என்னை ஒரு குட்டிச் சாமியார் மாதிரி பார்த்த பையன்கள் உண்டு. அந்த மரியாதை அதற்குப் பிறகு வாழ்க்கையில் எங்கேயும் கிடைக்கவில்லை.

அப்போதே பூதத்தை வரைய ஆரம்பித்துவிட்டேன். துணி கட்டி வரும் காக்கித் தாளை அப்பா கொண்டுவருவார். அதில் டெய்லர் சாக்கட்டியால் பூதம். மாடி வீட்டைத் தலையணையாக வைத்துத் தூங்கும் பூதம், கோயில் குளத்தைச் சொம்பு மாதிரி தூக்கிக் குடிக்கும் பூதம். சாக்கட்டியில் கிடைக்கும் நிறங்கள் எனக்குப் போதவில்லை. பூதத்தின் வேட்டிக்குப் பூதத்தின் சாயமே இருக்கும்போது வேறு எதற்கு என்று எனக்கு ஒரு யோசனை. ஒரு சனிக்கிழமை, காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய், பட்டறைக் குழாய் வந்து விழுகிற இடத்தில் நல்ல சிவப்பாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதைத் துணியில் தொட்டு வேட்டிக்குப் பூசினேன். பூசும்போது ஜோராகத்தான் இருந்தது. காய்ந்ததும் நிறம் செத்துப்போய், தாள் மேல் உப்புப் பூத்துவிட்டது.

பெருமையாக அப்பாவிடம் காட்டினேன். படத்தை அவர் பார்க்கவே இல்லை. பாட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். தொட்டியடிக்கு இழுத்துக்கொண்டு போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தார். கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். தோல் எரிந்து நான் அழுதேன். வாயில் வைத்தாயா, கண்ணில் பட்டதா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். அவர் கோபப்படுகிறார் என்று அப்போது நினைத்தேன். பயந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது.

அதற்கப்புறமும் கதை கொஞ்ச காலம் ஓடியது. நின்றது அம்மாவின் ஊருக்குப் போய்வந்த பிறகு. அம்மா பிறந்தது கிழக்கே, ஆறு போகிற வழியில் ஒரு தோட்டத்தில். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, கிணற்றுப் பாசனம் வைத்துத் தென்னை வளர்த்தவர். லீவு விட்டால் நான் அங்கேதான் கிடப்பேன். அந்த வருஷம் பொங்கலுக்குப் போனபோது தென்னையில் மட்டை தொங்கிப்போய், காய் எலுமிச்சை அளவில் நின்றுவிட்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அப்புச்சி எப்போதும்போல மாப்பிள்ளைக்குக் கறி எடுத்து விருந்து போட்டார். அப்பாவால் சாப்பிட முடியவில்லை.

அந்த மாசமே பட்டறை வேலையை விட்டார். ஒரு ஸ்டிச்சிங் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய், ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதிலேயே இருந்தார். பூதம் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் கேட்டால், நீ பெரிய பையன் ஆயிட்டே கண்ணு என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு அப்புச்சி தோட்டத்தை விட்டுவிட்டு டவுனில் மாமன் வீட்டுக்கு வந்து, கொஞ்ச காலம் இருந்து இறந்துபோனார். கோர்ட்டும் கேஸுமாகப் பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஏற்பாடு வந்த பிறகு மறுபடி திறந்தார்கள். பட்டறை நடத்தியவர் என் அப்பா அல்ல. ஷேடு பேர் சொன்னால் ஏற்றி இறக்குகிற ஆள், அவ்வளவுதான். இதை நான் அவரிடம் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். எழுந்து போய் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் நிறம் ஓடுகிற ஆற்றைப் பார்த்ததில்லை. ஆறு ஏன் சிவப்பு என்று அவள் கேட்கப் போவதும் இல்லை. பூதத்தின் கதையை நானே சொல்லிப் பார்த்தேன். வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். கண்டக்டர் குரலில் கத்தினேன். டிவியைப் போடவா என்று கேட்டாள். கதையில் குற்றம் இல்லை. அது அப்பாவின் தொண்டையில் இருந்து வர வேண்டிய கதை. எனக்கு அது ஒன்றுதான் ஆசையாக இருந்தது: அப்பா என் மகளுக்கு ஒரு தடவையாவது பூதத்தைச் சொல்ல வேண்டும். நேராகக் கேட்டால் மாட்டார். அதனால் வரைந்து வைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தேன். கம்பெனி டேப்லெட்டில் அல்ல, தாளில், வாட்டர் கலரில். பஸ் மேல் பூதம். ரோஸ் கோழிகளுக்கு நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் பூதம். பாலத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மொபெட்டில் போகிற ஒரு பையனை எட்டிப் பார்க்கும் பூதம். இந்தக் கடைசிப் படம் கதையில் கிடையாது. எனக்காக நான் போட்டுக்கொண்டது. எத்தனையோ கரடிக்கு முகம் கொடுத்த எனக்குப் பூதத்தின் முகம் மட்டும் பிடிபடவில்லை. எப்படி ஆரம்பித்தாலும் ஒரே முகத்தில் போய் முடிந்தது. மகள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாரு மாதிரியே இருக்கு என்றாள். அப்பாவின் அப்பாவுக்கு எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றுதான் பேர்.

படங்களைச் சாப்பாட்டு மேஜையில் தற்செயலாகக் கிடப்பதுபோலப் போட்டு வைத்தேன். அப்பா காபி டம்ளரோடு வந்து நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, ஷ்ரிங்கேஜ் குடுத்து வரைஞ்சிருக்கியா?" என்றார்.

பிறகுதான் கவனித்தேன். பனியன் துணி துவைத்தால் நீளத்தில் சுருங்கும். அதனால் நாங்கள் படத்தை ஒரு பிடி நீட்டித்தான் போடுவோம், துவைத்த பிறகு கரடி குண்டாகிச் சரியாக நிற்கும். கை அதற்கே பழகி, துவைக்கப் போகாத தாளிலும் பூதம், பஸ், கோழி, கண்டக்டர் எல்லாரையும் முருங்கைக்காய் மாதிரி நீட்டி வைத்திருக்கிறேன். நான் சிரித்தேன், அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டு டம்ளரோடு வாசலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் போல என்று எனக்கு எரிச்சல் வந்தது. எத்தனை வருஷத்துக்குத்தான் ஒரு மனுஷன் ஒரு கதையின் மேல் கோபமாக இருப்பார்?

அடுத்த ஞாயிறும் போட்டு வைத்தேன். மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மேஜையைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார். ஒரு படத்தில் பச்சை வேட்டி. இந்தப் பச்சை எங்கேயும் கிடையாது என்றார். டர்க்கைஸ் நீலமும் மஞ்சளும் சேர்த்தால்தான் அந்தப் பச்சை வரும், நீ நேவி நீலத்தைப் போட்டுக் கெடுத்திருக்கிறாய் என்றார். பெட்டி கட்டி எத்தனை வருஷம் ஆனாலும் தப்பான ஷேடைப் பார்த்தால் அவருக்கு உடம்பு தாங்காது. பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தேன். மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கலந்தார். மகள் போய் அவர் தொடையில் சாய்ந்துகொண்டு, இது யாருங்க அப்பாரு என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இது ஒரு பூதம் சாமி. இதுக்கு ஒரே ஒரு வேட்டிதான்" என்று ஆரம்பித்தார்.

அதே குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான். நிறுத்துகிற இடங்கள் எல்லாம் அதே இடங்கள். கண்டக்டர் கத்தியபோது மகள் உருண்டு சிரித்தாள். ரோஸ் கோழி வந்தபோது, அந்தக் கோழி போட்ட முட்டையும் ரோஸா என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லையே என்றிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பூதம் விடியலில் ஆற்றில் இறங்கி வேட்டியை அலசிய இடம் வந்தது.

"அந்தச் சாயத் தண்ணியெல்லாம் எங்க போச்சுங்க அப்பாரு?" என்றாள் மகள்.

கடலுக்கு, என்று நான் அவசரமாகச் சொன்னேன். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"கடலுக்குப் போகல சாமி. உங்கப்பனோட அப்புச்சி தோட்டத்துக்குப் போச்சு. அங்க கிணத்துல எறங்கி, தென்னைமரத்தையெல்லாம் சாவடிச்சிருச்சு."

அவர் எழுந்துவிட்டார். மறுபடியும் வாசல் குழாய்க்குத்தான் போவார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை போனால் பூதத்தோடு சேர்ந்தே போய்விடுவார் என்பதும் தெரிந்தது. பேசியது அம்மா. வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கப்பாவுக்கும் இந்தக் கதை தெரியுமுங்க. இவன்தான் லீவுக்குப் போறப்பெல்லாம் ஒண்ணு உடாமச் சொல்லுவான். கிணத்துல மொத மொத செவப்பா ஊறுன அன்னைக்கு எங்கிட்டச் சொன்னாரு. மாப்பிள்ளையோட பூதம் நம்ம கிணத்துக்கும் வந்துருச்சு அம்மிணின்னு."

நான் சொன்னது எனக்கே நினைவில்லை. அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

"சிரிச்சாரா?" என்று கேட்டார்.

"சிரிச்சுட்டுத்தான் சொன்னாருங்க." அம்மா ஒரு வெங்காயத்தை உரித்துத் தட்டில் போட்டாள். "அப்பறம் மோட்டாரை நிறுத்திப்போட்டு வந்து, பகல்லயே படுத்துட்டாரு."

இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவள் பிறந்த தோட்டம் அது. சொல்வதா வேண்டாமா என்பது அவள் பாடு. அப்பா மெதுவாக நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். மகளுக்கு இது எதுவும் புரியவில்லை. அவளுக்குக் கதை பாதியில் நிற்கிறது என்பது மட்டும்தான் குறை. அப்புறம் என்றாள், அவர் முழங்காலை ஆட்டி.

அப்புறம் என்று ஒன்று அந்தக் கதையில் கிடையாது. நான் கேட்டு வளர்ந்த கதையில் பூதம் துவைத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அப்பா பச்சை வேட்டிப் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார். பூதத்துக்கு ஒரு நாள் சேதி தெரிந்துவிட்டது. ஆற்றோரமாகவே கிழக்கே நடந்து அந்தத் தோட்டத்துக்குப் போனது. அங்கே ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். பூதம் வேட்டியை அவிழ்த்து அவர் காலடியில் வைத்துவிட்டு, இனிமேல் இது எனக்கு வேண்டாமுங்க என்றது.

"அப்ப பூதம் அம்மணமாவா நின்னுச்சு?" என்றாள் மகள்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆமாம் சாமி, அம்மணமாத்தான் நின்னுச்சு என்றார். அதுக்கு அந்தப் பெரியவரு என்ன சொன்னாரு என்று அவள் விடாமல் கேட்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதுபோலப் பார்த்தார்.

அம்மா முதன்முறையாக வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எங்கப்பா என்ன சொல்லுவாரு. இம்புட்டுத் தூரம் நடந்து வந்துருக்கற, மொதல்ல சாப்புட்டுப் போன்னு சொல்லியிருப்பாரு."

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள், தொடவில்லை, நின்றாள். மகள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்து, பூதம் சாப்பிடுவதை வரையுங்கப்பா என்றாள். பெரியவர் முகத்தை வரைய எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. இலையிலிருந்து ஆரம்பித்தேன்.